மூன்றாவது அடுக்கு

மஹ்பூலா என்றால்
பித்துப் பிடித்தவள் என்கிறார்கள்.
அந்தப் பெயருள்ள ஊரில், ஐந்தாம் மாடியில்,
சம்பளம் விழும் இரவில் பதினைந்து பேர்
புத்திசாலிகளாக இருக்க முயல்கிறோம்.

ஆளுக்கு இருபது தினார். சீட்டு முந்நூறு.
சேகுமைதீனின் பிஸ்கட் டப்பாவில் பணமும் நோட்டும்.
இது ஏழாவது ஏலம்.
எடுத்த ஆறு பேர் சுவரோரம்
காலை நீட்டி வேடிக்கை பார்க்க
எடுக்காத ஒன்பது பேர் பாயில்.
அதிகம் தள்ளுகிறவனுக்குச் சீட்டு,
தள்ளியது எல்லோருக்கும் பங்கு.
சட்டம் அவ்வளவுதான்.
வெயிலில் வெந்து வந்த மண்டைக்கு
அதுவே கூடுதல்.

எனக்கு அந்த மாதம் பணம் வேண்டியதில்லை.
வியாகுலத்துக்கு வேண்டும்.
ஊரில் ஜல்லி இறங்கிவிட்டது, கம்பி கட்டியாயிற்று,
சிமெண்டுக்குக் காத்திருக்கிறது தளம்.
சோறு வடிக்கும்போது அவனே சொன்னான்.
சொல்லியிருக்கக் கூடாது.

சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினேன்:
அறுபது தள்ளினால் ஆளுக்கு நாலு.
அவன் எழுபதுவரை வருவான்.
வருவான் என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தால்
ஐம்பதிலேயே ஊமையாவான்.
ஊமையாவான் என்று நான் எண்ணுவதை
அவன்

இங்கே அறுந்தது.
சாரம் கட்டுவது என் தொழில்.
பதினோரு அடுக்கு ஏற்றுவேன், கீழே பார்க்காமல்.
மண்டைக்குள் மட்டும்
மூன்றாவதிலேயே பலகை ஆடுகிறது.

பவுல்சாமிக்கு இந்தத் தொல்லை இல்லை.
நாற்பதுக்குமேல் வாய் திறக்க மாட்டான்.
ஏன் நாற்பது?
"எங்கியாவது நிக்கணும்ல" என்பான்.
நாற்பத்தொன்றில் எழுந்து பல் தேய்க்கப் போனான்.
நயினாரோ என் முகத்தைப் பார்த்து ஏற்றுகிறவர்.
ஐம்பதில் நான் இருமினேன்,
ஏதோ கண்டுகொண்டவராய் நிறுத்திவிட்டார்.
அது ஏசி தூசிக்கு வந்த இருமல்.

இதுதான் சமயம் என்று
அறுபது என்றேன்.
இனி அவன் அறுபத்தொன்று சொல்ல வேண்டும்.

ஒருதரம்.
தலை குனிந்திருந்தான். கணக்குப் போடுகிறான்.
இரண்டுதரம்.
ஆழமான ஆள், நாலாவது அடுக்குக்கே போய்விட்டான்
என்று பயந்தேன்.
மூன்றுதரம் என்று டப்பா தட்டப்பட்டபோது
அரிசி மூட்டைமேல் சாய்ந்திருந்தவனிடமிருந்து
குறட்டை வந்தது.

வேண்டாத இருநூற்று நாற்பது என் கையில்.

தட்டி எழுப்பினால்
யாருக்கு விழுந்துச்சு என்கிறான்.
எழுவது வரைக்கும் போக இருந்தேனே என்கிறான்.
அறுபதுக்கே எடுத்துக்கோ என்றேன்.
பேசாமல் என்னையே பார்த்தான்.
அது பேரமா, கலையாத தூக்கமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
நானே ஐம்பத்தைந்துக்கு இறங்கினேன்.
மணி ஒன்று, பஸ் நாலரைக்கு.
ஐந்து தினார் என் பையிலிருந்து போனது.
கசரில் வந்த நாலைக் கழித்தால்
நான் ஒரு தினாருக்கு முட்டாள்.
அந்த அட்டை சட்டைப் பையிலேயே துவைபட்டுக்
கூழாயிற்று.

விஷயம் பரவாமல் இருக்குமா?
அடுத்த மாதம் ஏலம் தொடங்கியதும்
எட்டுப் பேரும் சுவரில் சாய்ந்து
கண்ணை மூடிக்கொண்டோம்.
சேகுமைதீன் டப்பாவைத் தட்டுகிறார், தட்டுகிறார்.
வியாகுலம் மட்டும் சுவரோரத்தில்
காலை நீட்டி விழித்திருக்கிறான்.
இரண்டு குறட்டை கேட்டது.
ஒன்றாவது நிஜமாக இருக்கும்,
எது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது குறட்டை என்னுடையதாம்.
மறுநாள் பஸ்ஸில் சொன்னார்கள்.
நிஜமா என்றும் கேட்டார்கள்.